பவர் பத்திரம் இருக்கிறது, அப்பாவுக்கு நினைவு இல்லை

சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 76. டிமென்ஷியாவுக்கு இரண்டு வருடமாக ஜிப்மரில் வைத்தியம் நடக்கிறது. சில நாள் என்னையே யாரென்று கேட்கிறார். 2019-ல் தெளிவாக இருந்தபோது என் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, பதிவும் செய்து கொடுத்தார். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவுக்காகத் திருப்பாதிரிப்புலியூரில் அவர் பெயரில் உள்ள மனையை விற்க வேண்டும். "உயிர்வாழ் சான்று மட்டும் வாங்கிட்டு வாங்க, பவரை வச்சே கிரயம் முடிச்சிடலாம்" என்கிறார் பத்திர எழுத்தர். செய்யலாமா? அம்மாவும் தம்பியும் சம்மதிக்கிறார்கள்.
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: செய்யாதீர்கள். உங்கள் கையில் உள்ள பவர் இப்போது செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சரி, சித்த சுவாதீனம் இழந்தாலும் சரி, ஏஜென்டின் (அதாவது பவர் பெற்றவரின்) அதிகாரம் முடிந்துவிடுகிறது. யாரும் ரத்துப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. பதிவு செய்த பவர் என்பதாலோ, "எக்காலத்திலும் செல்லும்" என்று அதில் ஒரு வரி இருப்பதாலோ இது மாறாது. நம்மில் பலர் முதுமைக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் பவர் எழுதுகிறோம். எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில்தான் அது கைவிடுகிறது. இது தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் ஏராளம்.

பத்திர எழுத்தர் சொல்லும் உயிர்வாழ் சான்று, ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும். அறிவு தெளிவாக இருக்கிறதா என்று அதில் யாரும் கேட்பதில்லை. அதனால் பதிவு நடந்தாலும் நடந்துவிடும். சிக்கல் பிறகுதான். வாங்குபவர் வங்கிக் கடன் கேட்கும்போதோ, நாளை குடும்பத்தில் யாராவது மனம் மாறி வழக்குப் போடும்போதோ, இரண்டு வருட மருத்துவக் குறிப்பே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும். கிரயம் செல்லாமல் போகும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அப்பாவையே அழைத்துப் போய்க் கைநாட்டு வைக்கலாம் என்பதும் தீர்வல்ல. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாதவர் வைக்கும் ரேகைக்கு மதிப்பில்லை. அவர் நிலை தெரிந்தால் சார்பதிவாளர் பதிவை மறுக்கலாம்.

நீங்கள் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றம். கடலூர் மாவட்ட நீதிமன்றத்தில் முடியாதா என்று தோன்றும். 1987-ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் அந்த வழி இருந்தது. மாவட்ட நீதிமன்றமே சொத்துக்கு நிர்வாகியை நியமிக்கும். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பகுதியை விட்டுவிட்டது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் மைனர்களுக்கு மட்டும். நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் (1999) டிமென்ஷியா இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 14-வது பிரிவில் 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' ஏற்பாடு உண்டு. ஆனால் அதன் அட்டவணையில் டிமென்ஷியா பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாததால் இழுபறி வருகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போடுகிறார்கள். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க மனைவியை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு காப்பாளராக நியமித்தது. அவரைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்ன முந்தைய உத்தரவையும் ரத்து செய்தது.

மனுவுக்கு முன் சேர்க்க வேண்டியவை: நரம்பியல் அல்லது மனநல மருத்துவர் தரும் சான்று. அதில் நோயின் பெயர் மட்டும் போதாது. எப்போதிலிருந்து, எந்த அளவுக்கு, பணம் சொத்து விஷயங்களைப் புரிந்து முடிவெடுக்க முடியுமா, நிலை திரும்ப வாய்ப்புண்டா என்று எழுதி வாங்குங்கள். மூளை ஸ்கேன், 30 மதிப்பெண்ணுக்கு வைக்கும் நினைவுத்திறன் சோதனைத் தாள்கள் இருந்தால் தேதிவாரியாக அடுக்குங்கள். அம்மா, தம்பி இருவரின் சம்மதப் பிரமாணப் பத்திரம். அப்பாவின் சொத்து, வங்கிக் கணக்கு, கடன் எல்லாவற்றின் பட்டியல். ஒன்றை மறைத்தாலும் மனுவின் நம்பகம் போய்விடும். மாதம் எவ்வளவு செலவு, ஏன் இந்த மனையை விற்கிறோம் என்ற கணக்கு. மனையின் வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு.

கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் கோமா நோயாளிகளுக்காக வகுத்த நெறிகளில் மருத்துவக் குழுவின் பரிசோதனை, தாசில்தார் நிலைக்குக் குறையாத அதிகாரியின் நேரடி விசாரணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்று இருக்கிறது. உங்கள் வழக்கிலும் இப்படியான நிபந்தனைகள் வரலாம். விற்ற பணத்தில் ஒரு பகுதியை அப்பா பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்லலாம். அது நல்லதுதான், அது அவர் பணம்.

உத்தரவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டுவரி கட்டுவது, சொத்தைக் காப்பது போன்றவை ஏஜென்டின் கடமையாகவே தொடரும் (பிரிவு 209). வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி 15100.

கேள்வி: அம்மாவுக்கு இப்போதுதான் ஆரம்பக் கட்ட மறதிநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். பேசினால் எல்லாம் புரிகிறது. என்னென்ன செய்து வைக்கலாம்?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நோய்ப் பெயர் வந்ததாலேயே உரிமை போய்விடாது. கையெழுத்திடும் நேரத்தில் புரிந்து முடிவெடுக்க முடிந்தால் பத்திரம் செல்லும் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 12). ஆனால் நாளைத் தள்ளாதீர்கள்.

முதலில் வங்கி. நாமினி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு ஒரு ரூபாய் எடுக்கவும் அதிகாரமில்லை. கூட்டுக் கணக்கு வேண்டும், அதுவும் இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயர்க்காரர் மட்டுமே இயக்க முடியும். அவர் அம்மாவாக இருந்தால் பயனில்லை. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் உடைக்க, எய்தர் ஆர் சர்வைவராக இருந்தாலும் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆகவே நீண்ட காலத்துக்குப் போடாமல் சிறு சிறு தொகையாக, வெவ்வேறு முதிர்வு தேதிகளில் பிரித்துப் போடுங்கள். கை நடுங்குபவர்களுக்காக வங்கிகளில் இரண்டு சாட்சிகளோடு ரேகை வைக்கும் வழி உண்டு. அது உடல் தளர்ச்சிக்கானது, மனம் புரியாத நிலைக்கு அல்ல.

உயில் எழுத அவர் விரும்பினால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் இந்த நிலையில் பதிவு செய்வதே நல்லது. அதே நாளில் மருத்துவரிடம் 'தெளிவாக இருக்கிறார்' என்று சான்று வாங்குங்கள். முடிந்தால் அந்த மருத்துவரையே ஒரு சாட்சியாக்குங்கள். நடக்க முடியாவிட்டால் சார்பதிவாளர் வீட்டுக்கு வர மனுச் செய்யலாம். இருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளைக்கு செட்டில்மென்ட் எழுத அவசரப்படுத்தாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் அதைப் பின்னாளில் ரத்து செய்ய அந்த வரி உதவும்.

உயிர்காக்கும் கருவிகள் வேண்டுமா என்ற விருப்பத்தையும் முன்கூட்டி எழுதலாம். 2023-ல் உச்ச நீதிமன்றம் எளிதாக்கியபின் இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் கையொப்பமும் போதும்.

கேள்வி: அப்பா பிரெஞ்சுக் குடிமகன், அங்கிருந்து பென்ஷன் வருகிறது. பிரெஞ்சுச் சட்டத்தில் நினைவு போனபிறகும் பவர் தொடரும் என்கிறார்களே?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அது சாதாரண பவர் அல்ல, 'மான்தா த ப்ரொத்தெக்சியோன் ஃபுத்யூர்' (எதிர்காலப் பாதுகாப்புக்கான அதிகாரம்) என்ற தனி ஏற்பாடு. 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அறிவு தெளிவாக இருக்கும்போது எழுத வேண்டும். திறன் இழந்ததை அந்நாட்டு முறைப்படி மருத்துவர் சான்றளித்த பிறகே உயிர்பெறும். அப்பா தெளிவாக இருந்தால் தூதரகத்தில் விசாரித்துச் செய்யுங்கள். புதுச்சேரியில் உள்ள வீடு, நிலத்துக்கு அதை நம்ப வேண்டாம். அவற்றுக்கு முதல் பதிலில் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுதான் வேண்டும். புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது.