மகள் துணியில் அச்சுப் போடப் படிக்கிறேன் என்கிறாளா?

அன்புள்ள அக்கா,

தக்கலையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை நர்சிங் வேண்டாம், துணியில் அச்சுப் போடப் படிக்கிறேன் என்று நிற்கிறாள். "சாயம் முக்கவா படிக்க வைத்தோம்?" என்று அவள் அப்பா கேட்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

கட்டையைச் சாயத்தில் தொட்டுக் குத்துவதுதான் அச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பழைய முறையில் சிவப்பு வருவது வேறு விதம். கடுக்காய் நீரில் ஊறிக் காய்ந்த பருத்தித் துணியில் படிகாரக் கரைசலைத்தான் அச்சாகப் பதிப்பார்கள். பதித்த இடம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அப்புறம் சாயவேர் கொதிக்கும் அண்டாவில் போட்டால், படிகாரம் பட்ட இடம் சிவப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்து நிறம் அலசலிலும் வெயிலிலும் வெளிறிவிடும். துவைத்தாலும் போகாத இந்தச் சோழமண்டலக் கரைத் துணிக்கு ஐரோப்பாவில் அவ்வளவு மவுசு. உள்ளூர்த் தொழில் நசிகிறதென்று 1686-ல் பிரான்சும் 1721-ல் இங்கிலாந்தும் அச்சுத் துணிக்குத் தடை போட்டன. ஆக, உங்கள் மகள் கேட்பதும் கெமிஸ்ட்ரிதான்.

ஃபீஸ் கட்டும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கட்டும். துருப்பிடித்த ஆணி, ஒரு துண்டு கருப்பட்டி, தண்ணீர். மண்பானையில் மூன்று வாரம் புளிக்க வேண்டும். நாறும், கிணற்றடியில் வையுங்கள். நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய்ப் பொடியைக் கரைத்து, பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்துக் காயவைத்து, பானை நீரை வடித்து அதில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பட்டதும் கறுக்கும். ஏன் கறுத்தது என்று அவளே தேடிப் படித்தால் தைரியமாகச் சேருங்கள்.

சென்னை நிஃப்ட்டில், அதாவது மத்திய அரசின் ஃபேஷன் டெக்னாலஜி கல்லூரியில், டெக்ஸ்டைல் டிசைன் நான்கு வருடப் பட்டம். நுழைவுத் தேர்வில் வரைதல் உண்டு, இன்றே பென்சிலை எடுக்கட்டும். சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. நெசவும் சாயமும் கைப்படவே பழகலாம். இரண்டும் அமையாவிட்டால் நாகர்கோவிலிலேயே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஆறு மாத சர்டிபிகேட்டுக்குப் பெரும் பணம் கேட்கும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

அச்சுத் துணியை மட்டும் நம்பினால் முதல் சில வருடம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். திருப்பூர், கரூர்ப் பக்கம் டிசைன், சாயப் பரிசோதனை வேலையில் கால் ஊன்றிக்கொண்டு அச்சை வளர்க்கலாம்.

கறுத்த துணியோடு ஒரு சனிக்கிழமை மூவரும் வாருங்கள். அவள் அப்பாவிடமும் நான் பேசுகிறேன்.