சிவப்பும் நீலமும் கலந்தால் சேறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். போன வருடக் கடைசியில் அக்ரிலிக்கில் வரையத் தொடங்கினேன். யூடியூப் பார்த்து வண்ணச் சக்கரமெல்லாம் போட்டுப் பழகினேன். ஆனால் சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வருவதில்லை, சேறுதான் வருகிறது. பவானி கூடுதுறையை வரைந்து படம் இணைத்திருக்கிறேன். நிறமெல்லாம் சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் தட்டையாக இருக்கிறது. வண்ணக் கோட்பாட்டை முறையாகப் படித்தால் சரியாகுமா? 24 டியூப் செட் வைத்திருக்கிறேன். விலை கூடிய பெயிண்ட் வாங்க வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

முதலில் சேறு. வண்ணச் சக்கரத்தில் இருக்கிற சிவப்பும் நீலமும் எந்தக் கடையிலும் கிடைக்காது. கடையில் கிடைப்பது நிறமி, அதாவது பெயிண்டுக்கு நிறம் தரும் பொருள். ஒவ்வொரு நிறமிக்கும் ஒரு பக்கச் சாய்வு உண்டு. வெர்மிலியன் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு, அதற்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. பிரஷ்யன் ப்ளூ பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம், அதற்குள்ளும் மஞ்சள்தான். இரண்டையும் கலக்கும்போது நீங்கள் உண்மையில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் கலக்கிறீர்கள். சேறாகாமல் என்ன செய்யும்? நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பான கிரிம்சனையும் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலமான அல்ட்ராமரைனையும் எடுத்துக் கலந்து பாருங்கள், ஊதா வந்துவிடும். கறுப்பாகத் தெரிந்தால் துளி வெள்ளை சேருங்கள். செட்டில் உள்ள எல்லா டியூபையும் இப்படி இரண்டிரண்டாகக் கலந்து ஒரு அட்டையில் தடவி, பக்கத்தில் பெயர் எழுதி வையுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எந்த வீடியோவும் இதைச் சொல்லித்தராது, ஏனென்றால் உங்கள் செட் அவர்களிடம் இல்லை.

இனி கூடுதுறை. உங்கள் படத்தை போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். வானம், ஆறு, எதிர்க்கரை மரங்கள் எல்லாம் ஒரே சாம்பல். கோபுரம்கூட வானத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வானம் நீலம், மரம் பச்சை, கோபுரம் ஆரஞ்சு என்று நிறத்தின் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். எது வெளிர், எது அடர்த்தி என்பதைப் பார்க்கவில்லை. ஓவியர்கள் இதை டோன் என்பார்கள். டோன் சரியாக இருந்துவிட்டால் மரத்துக்கு ஊதா அடித்தாலும் கண் அதை மரம் என்று ஒப்புக்கொள்ளும். டோன் தவறினால் எவ்வளவு சரியான பச்சையும் காப்பாற்றாது.

அதனால் கொஞ்ச நாளைக்கு வண்ணச் சக்கரத்தை மூட்டை கட்டி வையுங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன், வெள்ளை, மூன்றே டியூப் போதும். முதல் இரண்டும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு நல்ல இருட்டு கிடைக்கும். அதே கூடுதுறையை உள்ளங்கை அளவில், வெளிர், நடு, இருட்டு என்று மூன்றே அடர்த்தியில் போடுங்கள். கோபுரத்தின் சிலைகள், படித்துறையில் குளிப்பவர்கள் எதுவும் வேண்டாம். வடிவமைப்பு என்று பெரிதாகச் சொல்கிறார்களே, தொடக்கத்தில் அதன் முக்கால்வாசி இதுதான்: எந்த வடிவம் பெரிது, எது சிறிது, எந்த இருட்டு எந்த வெளிச்சத்தை ஒட்டி நிற்கிறது. வெளிர், நடு, இருட்டு மூன்றும் ஒரே அளவு இடம் பிடித்தால் படம் தூங்கிவிடும்.

அடுத்த கட்டமாக ஸ்வீடன் ஓவியர் ஆன்டர்ஸ் சோர்னின் பெயரால் வழங்கும் பேலட்டை, அதாவது நிறத் தொகுப்பை, முயலலாம். வெள்ளை, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், வெர்மிலியன், கறுப்பு. நீலமே கிடையாது! கறுப்போடு வெள்ளை கலந்த சாம்பல், ஆரஞ்சுச் சாயல் உள்ள நிறங்களுக்கு நடுவே நீலமாகத் தெரியும். ஓக்கரோடு கறுப்பு கலந்தால் பாசிப்பச்சை.

சாம்பல் எப்படி நீலமாகும் என்று கேட்பீர்கள். ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824இல் பாரிசின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று அங்கே புகார். சாயத்தைச் சோதித்தார், அதில் கோளாறே இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளுக்க வைத்தன. ஒரு நிறம், வண்ணச் சக்கரத்தில் தனக்கு எதிரே இருக்கும் நிறத்தைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிக் காட்டுகிறது. இதை அவர் 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் தலைமுறை நிழலில் ஊதாவைத் துணிந்து போட்டதற்குப் பின்னால் இந்த நூலுக்கும் பங்குண்டு. ஒரே சாம்பல் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சள் அட்டையிலும் மற்றதை நீல அட்டையிலும் வைத்துப் பாருங்கள். அப்புறம் யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. உங்கள் கோபுரத்தின் ஆரஞ்சு போதவில்லை என்று தோன்றினால் அதன்மேல் இன்னும் ஆரஞ்சு பூசாதீர்கள், பின்னால் உள்ள வானத்தைச் சற்று மங்கலாக்குங்கள்.

கோட்பாட்டைப் படிக்கலாமா என்றால், தாராளமாகப் படியுங்கள், ஆனால் கலவை அட்டை காய்ந்த பிறகு. அக்ரிலிக் காயும்போது ஒரு படி இருண்டுவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

விலை கூடிய பெயிண்ட் இப்போது வேண்டாம். 24 டியூபில் பாதி நீங்களே கலந்துகொள்ளக்கூடியவை. தீர்ந்ததும் செட்டாக வாங்காமல் தனித்தனியாக வாங்குங்கள். டியூபின் மேல் பெயரோடு நிறமிக் குறியீடும் இருந்தால் அதைப் பாருங்கள்; அல்ட்ராமரைன் என்றால் பிபி 29. ஒரே ஒரு குறியீடு மட்டும் உள்ள டியூப் கலக்கும்போது சுத்தமாக இருக்கும். வெள்ளையை மட்டும் பெரியதாக வாங்கிவிடுங்கள், அதுதான் முதலில் காலியாகும்.