67 வயதில் எலக்ட்ரானிக்ஸ் எதற்கு என்று கேட்கிறார்கள்

அன்புள்ள மேடம்,

எனக்கு 67 வயது. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், வேலை கிடைத்து மும்பை வந்ததிலிருந்து மாட்டுங்காதான். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். ஆபீஸ் கிரிக்கெட் டீமில் பல வருஷம் பந்து போட்டவன். அப்போதெல்லாம் மழைக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காங்கா லீக் பார்க்க ஆசாத் மைதானம் போய்விடுவேன், 1948-லிருந்து மும்பையில் மழையிலேயே நடக்கிற கிரிக்கெட் போட்டி அது, ஈரமான பிட்ச்சில் ஒரு நல்ல மீடியம் பேசர் பேட்ஸ்மேனை என்ன பாடு படுத்துவார் என்பது நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தோள் வலி வந்து பந்து போடுவது நின்றுபோனது. அப்புறம் பில்டிங் கீழே கேரம், கொஞ்ச நாள் செஸ். இப்போது எலக்ட்ரானிக்ஸ்.

சின்ன வயதிலிருந்து ரேடியோப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. தாதரில் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோடு போய் பிரெட்போர்டு (ஈயம் வைக்காமலே பாகங்களைச் செருகி சர்க்யூட் கட்டும் துளைப்பலகை), வோல்டேஜ் எல்லாம் அளக்க மல்டிமீட்டர், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் கொஞ்சம், நேரக்கணக்கு வைத்து மின்சாரத்தை விட்டு நிறுத்தும் 555 டைமர் ஐ.சி. என்ற சின்ன சிப் ஒன்று எல்லாம் வாங்கினேன். அந்த ஐ.சி. 1972-ல் சந்தைக்கு வந்ததாம், நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதை வைத்து எல்.இ.டி. ஒன்றை மின்ன வைத்தேன் மேடம். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர், நாம் கொடுக்கிற வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறுகிறது, மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, அதுதான் அந்த மின்னல். மல்டிமீட்டரில் முள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. ஒரே ஒரு பெட்ரூம் வீடு, சாப்பாட்டு மேசையைத் தவிர எனக்கு இடம் கிடையாது. ஈயம் பத்தவைக்கிற வாசனை தலைவலி தருகிறது என்கிறாள் மனைவி. தாணேயில் இருக்கும் மகன் வரும்போதெல்லாம் "எதிலயும் நிலையா இருக்க மாட்டீங்களாப்பா, இந்த வயசுல இதனால யாருக்கு என்ன லாபம்" என்கிறான். வீட்டு மைக்ரோவேவ் ஓவன் கெட்டுக் கிடக்கிறது. அவன் அடுத்த முறை வருவதற்குள் நானே திறந்து சரிசெய்து வைத்துவிட்டால் வாய் திறக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. ரெசிஸ்டர் மேல் இருக்கும் நிறக் கோடுகளை வைத்து அதன் மதிப்பைச் சொல்லும் கணக்கு மனதில் நிற்பதில்லை, சிவப்பா பழுப்பா என்று திணறுகிறேன், பேரன் வயதுப் பையன்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். ஞாபக மறதி நோய் ஆரம்பமா? நான் எதிலிருந்தாவது தப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறேனா? வகுப்பை விட்டுவிடவா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மாட்டுங்கா

ஆலோசகர் பதில்:

சார், முதலில் அந்த மைக்ரோவேவ். தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வீட்டு 230 வோல்ட்டை 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு சார்ஜ் தங்கியிருக்கலாம். நீங்கள் கற்றுக்கொண்டிருப்பது 9 வோல்ட் பேட்டரியில். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

இதை ஆபத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் 555 பற்றி எழுதிய இடத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள், அந்தக் கெப்பாசிட்டர் ஏறி இறங்குவது எனக்கே கண்ணில் தெரிந்தது. மைக்ரோவேவ் பற்றி எழுதிய இரண்டு வரியில் ஓவனைவிட உங்கள் மகன்தான் அதிகம் இருக்கிறார். அது எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வமே அங்கு இல்லை. லாபம் என்ன என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகக் காட்ட ஒரு பொருளைத் தேடுகிறீர்கள். நாற்பது வருஷம் சம்பாதித்துக் குடும்பத்தை நடத்தியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, செய்வதற்கெல்லாம் யாரிடமாவது கணக்குக் காட்ட வேண்டும் போலத் தோன்றும். காட்ட வேண்டியதில்லை சார். காங்கா லீக் பார்க்கப் போனபோது யாருக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டா போனீர்கள்?

அடுத்து ஞாபகம். முதலில் கண் டாக்டரைப் பாருங்கள் என்பேன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், புரை விழுந்தால் நிறங்கள் இன்னும் மங்கும். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் ரெசிஸ்டரின் அந்தச் சின்ன உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்ல கண்ணுக்கே குழப்பம்தான், அனுபவசாலிகளே சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை வைத்து அளந்துவிடுவார்கள். நீங்களும் அளந்து பாருங்கள், மேசைக்கு நல்ல விளக்கு ஒன்றும் போடுங்கள். புதியதைப் பிடித்துக்கொள்ளும் வேகம் 60-க்கு மேல் குறைவது இயல்பு. அது நோய் அல்ல. தெரிந்த வழியிலேயே வீடு திரும்பத் தடுமாறுவது, பணக்கணக்கு திடீரென்று குழம்புவது, சற்று முன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இந்த மாதிரி ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு சர்க்யூட்டை மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று இவ்வளவு தெளிவாக எழுதியவரின் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஒரு கடிதத்தை வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது.

கஷ்டமாக இருப்பதே வீண் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு 60 முதல் 90 வயது வரையுள்ளவர்களுக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, துணி ஒட்டுப்போர்வை தைப்பது என்று முன்பின் பழக்கமில்லாதவற்றைச் சொல்லிக்கொடுத்தது, வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். 2014-ல் முடிவு வெளியானது. அப்படிப் புதிதாகக் கற்றவர்களின் ஞாபகசக்தி முன்னேறியது, கூடிப் பேசி நேரம் போக்கியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எலக்ட்ரானிக்ஸை வைத்து அவர்கள் சோதிக்கவில்லை, இருந்தாலும் உங்களுக்குத் தெம்பு தரும் விஷயம் இது.

ஓடுகிறீர்களா என்று கேட்டீர்கள். பல வருஷம் பந்து போட்டவரை நிலையில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன், கிரிக்கெட்டை விடவைத்தது உங்கள் தோள். ஆனால் ஒன்று கவனித்தேன், ஆசாத் மைதானம் போவதைப் பற்றி எழுதியவர் இப்போதும் போகிறேன் என்று எங்கும் எழுதவில்லை. பார்ப்பதற்குத் தோள் வேண்டாமே. கூட வந்தவர்கள் இல்லாமல் போய்விட்டார்களா, வேறு ஏதாவதா? காரணம் ஒரு துக்கமாக இருந்தால் அதை யாரிடமாவது பேசுங்கள், என்னிடமும் எழுதலாம்.

மனைவி விஷயத்தில் நான் அவர் பக்கம். அந்தப் புகை ஈயத்திலிருந்து வருவதைவிட, ஈயம் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃபிளக்ஸ் என்ற பொருளிலிருந்து வருவது, மூச்சுக்கும் நல்லதில்லை. ஈயத் துணுக்கு விரலிலும் மேசையிலும் ஒட்டும், அதே மேசையில் சாப்பாடு வைக்கக் கூடாது. பத்தவைக்கும் வேலையை வகுப்பிலேயே முடித்துக்கொண்டு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பிரெட்போர்டு போதும், ஈயம் தேவைப்படாது. எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டால் சாப்பாட்டு நேரத்தில் அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம். இதை நீங்களாகவே அவரிடம் போய்ச் சொல்லுங்கள், "இனிமே மேசை உனக்கு" என்று. அவர் எதிர்ப்பது எலக்ட்ரானிக்ஸை அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

மகனிடம் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "இந்த வயசுலன்னு நீ சொல்றது எனக்கு வலிக்குதுப்பா." விளக்கம் வேண்டாம், எதையும் மின்ன வைத்துக் காட்டவும் வேண்டாம். அப்பாவுக்கு வலிக்கும் என்று அவருக்குத் தோன்றாமலே இருந்திருக்கலாம்.

வகுப்பை விடாதீர்கள். பையன்கள் வேகமாகச் சொன்னால் சொல்லட்டும், புரியாத இடத்தில் "தம்பி, இன்னொரு தடவை காட்டு" என்று கேளுங்கள், பெரும்பாலான பையன்கள் சந்தோஷமாகவே காட்டுவார்கள். ஆசிரியர் அவசரப்படுத்துகிறார் என்றால் வகுப்பு முடிந்து பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கும் அவர் மறுத்தால் வேறு வகுப்பு தேடலாம்.