சந்தாவை நிறுத்தலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாக ஒரு சிறிய புலனாய்வுச் செய்தித் தளத்துக்கு மாதச் சந்தா கட்டிவருகிறேன். கடந்த ஆறு மாதத்தில் பெரிதாக ஒரே ஒரு கட்டுரைதான் வந்தது. அதுவும் நான் ஓட்டுப்போடும் கட்சியின் அமைச்சரைப் பற்றியது. காசையும் கொடுத்து நம் ஆளையே அடிக்கச் சொல்வதா என்று வீட்டில் கேட்கிறார்கள். வாட்ஸப்பில் எல்லாச் செய்தியும் சும்மாவே வருகிறது. நிறுத்திவிடலாமா?

கு., திருச்சி

அன்புள்ள கு.,

நிறுத்தாதீர்கள்.

உங்கள் நிலைமை பிரான்சில் ஓர் இதழின் வாசகர்களுக்கு அப்படியே வந்திருக்கிறது. லெ மோந்த் நாளிதழில் ஆசிரியராக இருந்த எட்வி ப்ளெனெலும் நண்பர்களும் 2008 மார்ச்சில் மீதியாபார் என்ற இணைய இதழைத் தொடங்கினார்கள். விளம்பரம் கிடையாது. தொடங்கியபோது மாதம் 9 யூரோ சந்தா மட்டும். 2010இல் லோரியால் நிறுவனத்தின் வாரிசான லிலியான் பெத்தான்கூர் வீட்டில் ரகசியமாகப் பதிவான உரையாடல்களை வெளியிட்டார்கள். அவருக்கு ஆளுங்கட்சியோடு இருந்த தொடர்புகள் அதில் வெளிப்பட, அன்றைய அதிபர் சர்க்கோசியின் வலதுசாரி அரசு ஆடிப்போனது. சந்தாதாரர்கள் பெருகினார்கள். அவர்களில் பலர் இடதுசாரிகள்.

2012 மே மாதம் சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி மீதியாபார் அவர்களது பட்ஜெட் அமைச்சர் ழெரோம் காயுசாக்கைப் பற்றி எழுதியது: சுவிஸ் வங்கியில் ரகசியக் கணக்கு வைத்திருந்தார் என்று. வரி ஏய்ப்பைத் தடுக்கவேண்டிய பொறுப்பில் இருந்தவரே அவர்தான். மறுநாள் நாடாளுமன்றத்தில் எழுந்து, வெளிநாட்டில் எனக்குக் கணக்கு இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்றார். ஆதாரம் எங்கே என்று சக பத்திரிகையாளர்களே மீதியாபாரைக் கேட்டார்கள். 2013 மார்ச்சில் அவர் பதவி விலகினார். ஏப்ரல் 2ஆம் தேதி கணக்கு இருப்பதை ஒப்புக்கொண்டார். பின்னாளில் சிறைத் தண்டனையும் பெற்றார்.

இடைப்பட்ட அந்த நான்கு மாதங்களைத் தாங்கியது சந்தாப் பணம். விளம்பரத்தை நம்பிய இதழுக்கு அந்த வலு இருப்பது அரிது. இங்கேயே, 2019இல் இந்து, டைம்ஸ் குழுமம், ஏபிபி ஆகிய மூன்று குழுமங்களின் நாளிதழ்களுக்கு மத்திய அரசு விளம்பரம் தருவதை நிறுத்தியதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. பெரிய குழுமங்களையே அப்படி நெருக்க முடியுமென்றால், நாலு பேர் நடத்தும் தளம் விளம்பரத்தை நம்பி என்ன எழுதிவிட முடியும்?

ஆறு மாதத்தில் ஒரே கட்டுரை என்கிறீர்கள். எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வர 30 நாள். மறுத்தால் மேல்முறையீடு. வில்லங்கச் சான்றுகளையும் கம்பெனிப் பதிவுகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். வழக்கறிஞர் வரி வரியாகப் பார்க்க வேண்டும். கடைசியில் ஆதாரம் போதவில்லை என்று மூட்டை கட்டி வைப்பதும் நடக்கும். ஆதாரமில்லாததை எழுதாமல் விடுகிறார்களே, அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். வாட்ஸப்பில் சும்மா வரும் செய்திக்குப் பின்னாலும் இப்படி யாரோ சம்பளம் வாங்கி அலைந்திருப்பார்கள்.

உங்கள் கட்சி விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. தங்கள் பக்கம் அடிபட்டதும் வாசகர்கள் சந்தாவை நிறுத்தினால், ஆசிரியர் அடுத்த முறை எழுதுமுன் வாசகர் முகத்தைப் பார்ப்பார். அப்போது விளம்பரதாரர் இருந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். சந்தா இதழ்களுக்கு உள்ளிருந்தே வரக்கூடிய ஆபத்து இது. வீட்டில் கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கட்டுரையில் எந்த வரி பொய்?

நிறுத்துவதற்கும் காரணங்கள் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைத்தால் நிறுத்துங்கள். பிழையை ஆதாரத்தோடு சுட்டிக்காட்டியும் திருத்தம் போடவில்லையென்றால் நிறுத்துங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்காமல் எழுதினாலும் அப்படியே. அந்த அமைச்சரைப் பற்றிய கட்டுரையை இந்தக் கண்ணோடு இன்னொருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.