617 ஓட்டு வாங்கியவருக்கு டெபாசிட் போனதா?

கேள்வி: எங்கள் தொழிற்சங்கத்தின் மே தின மலருக்காக பிரிட்டிஷ் தொழிலாளர் தலைவர் கெய்ர் ஹார்டி பற்றி எழுதுகிறேன். 1888இல் ஸ்காட்லாந்தின் மிட் லனார்க் இடைத்தேர்தலில் 617 ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தார். "டெபாசிட் இழந்தார்" என்று எழுதலாமா? அந்தத் தோல்வியை எப்படிச் சொல்வது?

பதில்: அந்த வரியை அடித்துவிடுங்கள். 1888இல் பிரிட்டனில் டெபாசிட் என்ற ஒன்றே கிடையாது. 1918இல்தான் வந்தது: 150 பவுண்டு கட்ட வேண்டும், பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் பணம் போச்சு. 1985இல் அதை 500 பவுண்டு, 5 சதவீதம் என்று மாற்றினார்கள். ஹார்டி காலத்துத் தொல்லை வேறு மாதிரி. தேர்தல் நடத்தும் செலவையே வேட்பாளர்கள் பங்குபோட்டுக் கட்ட வேண்டும். ஜெயித்தாலும் அந்தக் காசு திரும்பாது.

சரி, கணக்கைப் பார்ப்போம். லிபரல் வேட்பாளர் பிலிப்ஸ் 3,847, கன்சர்வேட்டிவ் பவுஸ்ஃபீல்ட் 2,917, ஹார்டி 617. அதாவது 8.4 சதவீதம். 1918 விதிப்படி பணம் போயிருக்கும், இன்றைய பிரிட்டிஷ் விதிப்படி பிழைத்திருக்கும். நம்மூர் ஆறில் ஒரு பங்குக் கணக்கை அங்கே கொண்டுபோய் வைத்தால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

கட்டுரையில் இடம் கொடுக்க வேண்டியது ஓட்டு எண்ணிக்கைக்கு முந்தைய கதைக்கு. ஹார்டி எடுத்த எடுப்பில் சுயேச்சையாகக் குதிக்கவில்லை. பத்து வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி, பிறகு சங்கச் செயலாளரானவர். லிபரல் கட்சியிடம்தான் முதலில் சீட்டு கேட்டார். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த அந்தத் தொகுதிக்குக் கட்சி நிறுத்தியதோ லண்டன் வக்கீல் ஒருவரை. அப்புறம்தான் தனியாக நின்றார். விலகிக்கொண்டால் அடுத்த பொதுத் தேர்தலில் சீட்டு, அதற்கான செலவு, ஆண்டுக்கு 300 பவுண்டு சம்பளம் என்று லிபரல் தரப்பிலிருந்து பேரம் வந்ததாக ஹார்டி பின்னாளில் சொன்னார். 1911 வரை பிரிட்டிஷ் எம்.பி.க்குச் சம்பளமே இல்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த 300இன் கனம் புரியும். அவர் மறுத்துவிட்டார்.

இன்னொன்றையும் விடாதீர்கள்: யாருக்கு ஓட்டு இருந்தது? பெண்களுக்கு இல்லை. பிரிட்டன் முழுக்க ஆண்களிலும் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்கு இல்லை. வாடகைக்கு ஒண்டியிருந்த சுரங்க இளைஞர்கள் பலர் ஹார்டி கூட்டத்தில் கை தட்டலாம், ஓட்டுப் போட முடியாது. அங்கே கணிசமாக இருந்த ஐரிஷ்காரர்களின் அமைப்பும், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதாகச் சொன்ன லிபரல் தலைவர் கிளாட்ஸ்டனுக்காக அந்தக் கட்சிப் பக்கமே நின்றது. ஆகவே "தொழிலாளர்களே அவரைக் கைவிட்டார்கள்" என்று எழுதினால் தப்பு.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்காட்டிஷ் லேபர் பார்ட்டி உருவானது, செயலாளர் ஹார்டி. தோற்ற நான்கே மாதத்தில் ஒரு கட்சி.

படத்துக்குக் கீழே "ஸ்காட்லாந்து எம்.பி." என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அங்கே அவர் ஜெயித்ததே இல்லை. 1892இல் ஜெயித்தது லண்டனை ஒட்டிய வெஸ்ட் ஹாம் சவுத்தில். 1895இல் அதையும் இழந்தார். 1900இல் இரண்டு தொகுதிகளில் நின்று, பிரஸ்டனில் தோற்று, வேல்ஸின் மெர்தர் டிட்வில்லில் ஜெயித்தார். 1915இல் சாகும்வரை அந்தத் தொகுதிதான்.