பெரிய வியாழனில் குருவானவர் ஏன் பாதம் கழுவுகிறார்?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில், ஈஸ்டருக்கு முந்தைய வியாழனான பெரிய வியாழன் அன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். இது வெறும் சடங்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், கடைசி இராவுணவின்போது இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது இது. புழுதி படிந்த பாதத்தைக் கழுவுவது அன்று அடிமையின் வேலை. அதனால்தான் பேதுரு முதலில் மறுத்தார். எனக்கு இதில் மிகப் பெரிதாகத் தெரிவது யூதாஸ்தான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும், அவன் எழுந்து போவதற்கு முன்பே இயேசு பாதங்களைக் கழுவி முடித்துவிட்டார். அவர் ஆளின் தகுதி பார்க்கவில்லை. அப்புறம் இன்னொன்று: தன்னைப் போதகர், ஆண்டவர் என்று சீடர்கள் அழைப்பது சரி என்று சொல்லிவிட்டே, நீங்களும் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுங்கள் என்கிறார். தலைமையை மறுக்காமல், அது எதற்கு என்று காட்டுகிறார்.

ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த லத்தீன் முறை (கத்தோலிக்க வழிபாட்டு முறைகளில் ஒன்று) விதி 2016-இல் மாறியது. 2013-இலேயே போப் பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய்ப் பாதம் கழுவினார். அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். உங்களுடையது லத்தீன் பங்கு என்றால், அடுத்த வருடம் ரப்பர் வெட்டும் கூலிக்காரரையும் கோயில் பெருக்கும் அக்காவையும் உட்கார வைக்கச் சொல்லி ஃபாதரிடம் கேளுங்கள்.