ஐந்தாவது கிரீம் வாங்குவதற்கு முன்

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன் டாக்டர், வயது 34. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். இந்த ஒரு வருடத்தில் நான்கு முறை பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல். பார்மசியில் கிரீம் வாங்கிப் போட்டால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும், இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிடும். மாமியார் உடம்புச் சூடு என்கிறார். வெற்றிலைச் சாறு கலந்த வாஷ் வாங்கி ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவுகிறேன். கணவருக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இனிப்பு நீர் இருந்தது, பிள்ளை பிறந்ததும் போய்விட்டது.

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் வந்த இனிப்பு நீர் பிரசவத்தோடு பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதனால்தான் பிள்ளை பிறந்த பிறகும் தவறாமல் சோதித்துக்கொள்ளச் சொல்கிறோம். கடைசியாக எப்போது சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை, பல வருடம் ஆகியிருக்கும் என்றே நினைக்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குத் தீனி கிடைத்த மாதிரி, எதிர்ப்புச் சக்தியும் குறையும், அப்புறம் எந்த கிரீம் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். 2023-இல் மலேசியா முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். ஆகவே முதலில் எச்பிஏ1சி சோதனை செய்துகொள்ளுங்கள், அது மூன்று மாத சர்க்கரையின் சராசரியைச் சொல்லும், மலேசிய வழிகாட்டியின்படி 6.3 சதவீதத்தைத் தொட்டாலே அது நீரிழிவுக் கணக்கு.

அடுத்தது, இது நிச்சயமாகப் பூஞ்சைதானா? நான்கு முறையும் நோயைச் சொன்னது நீங்கள்தான், யாரும் பார்க்கவில்லை. தானாகவே பூஞ்சை என்று முடிவு செய்து மருந்து வாங்க வந்த பெண்களைச் சோதித்த ஒரு அமெரிக்க ஆய்வில் மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் வெறும் பூஞ்சைத் தொற்று இருந்தது. மீன் வாடை அடித்து மெல்லிய சாம்பல் நிறத்தில் வந்தால் அது பாக்டீரியாவின் வேலை, அதற்கு மாத்திரையே வேறு. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் வேறு கிருமி, அப்போது கணவருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். சில பேருக்கு எந்தக் கிருமியும் இருக்காது, போடுகிற வாஷே தோலை அரித்துப் புண்ணாக்கியிருக்கும்.

ஸ்வாப் எடுக்கப் பயப்படாதீர்கள். காது குடைகிற பஞ்சுக் குச்சியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு குச்சி, உள்ளே தடவி எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது. கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கேண்டிடா பூஞ்சை கிளைவிட்ட நூல் மாதிரி தெரியும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு கல்ச்சரும் (எடுத்ததில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் கேண்டிடாவில் கிளாப்ராட்டா என்று ஒரு வகை இருக்கிறது, அது வழக்கமான மருந்துக்குச் சரியாக மசியாது. அரிப்பு இருக்கும்போதே போக வேண்டும், போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் கிரீம் போடாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்வாப்பில் ஒன்றும் கிடைக்காது. பக்கத்து அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட் பதிவுக் கட்டணத்தில் பார்க்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சரி, பூஞ்சைதான் என்று உறுதியானால்? ஒரு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தாலே அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று எடுத்துக்கொண்டு நீண்ட வைத்தியம் செய்வோம். ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என்று மூன்று. அதன்பின் வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம். எல்லோரும் கோட்டை விடுவது இந்த ஆறு மாதத்தில்தான், அரிப்பு நின்றதும் மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 2004-இல் வெளியான ஒரு ஆய்வில் இப்படி வாரா வாரம் சாப்பிட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆறு மாதமும் தொல்லையில்லாமல் இருந்தார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் மேல். நிறுத்திய பிறகு பாதிப் பேருக்கு மேல் திரும்ப வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அப்படி வந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம், மனம் உடைய வேண்டியதில்லை. இதை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயற்சி செய்தாலோ இந்த மாத்திரை வேண்டாம், உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் ஏழு இரவு போதும். கல்லீரல் கோளாறு இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளாப்ராட்டா என்றால் போரிக் ஆசிட் கேப்சூல் உள்ளே வைக்கக் கொடுப்போம். அதை வாயில் போட்டால் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது, கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

உள்ளே வைக்கும் மாத்திரை பற்றி ஒன்று. படுக்கப் போகும்போது, நுனியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, மல்லாந்து படுத்து முடிந்தவரை உள்ளே தள்ளுங்கள். காலையில் உள்ளாடையில் வெள்ளைத் துகள் தெரியும், அது கரையாமல் வெளியே வந்த மருந்து. நோய் அதிகமாகிவிட்டது என்று பயந்து மூன்றாம் நாளே நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிவிடும் என்று சொல்வதும் பொய், என்னிடம் அழுதுகொண்டே வந்து அதைக் கேட்ட பெண்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, நீங்கள் சுத்தமில்லாதவர் என்பதால் இது வரவில்லை. பிறப்புறுப்புக்குள் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன, உட்பகுதியை அவையே பார்த்துக்கொள்ளும். நாளுக்கு மூன்று முறை வாஷ் ஊற்றினால் அவைதான் முதலில் சாகும். அந்த பாட்டிலை நிறுத்திவிடுங்கள், வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவுங்கள், மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர், தயிர் எதையும் உள்ளே வைக்க வேண்டாம். தயிரைச் சோற்றில் போட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது இந்தத் தொற்றைத் தடுக்கும் என்று நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மருந்து தேவையில்லை. இது தவறான உறவால் வருகிற நோயில்லை, வீட்டில் அந்தச் சந்தேகம் கிளம்பியிருந்தால் இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள். மருந்து போடும் நாட்களில் உறவைத் தள்ளிப்போடுவது நல்லது, இந்த கிரீம்கள் ஆணுறையின் ரப்பரையும் பலவீனமாக்கும்.

பன்னிரண்டு மணி நேரம் யூனிஃபார்முக்குள் வியர்த்து நிற்கிற உடம்புக்கு பருத்தி உள்ளாடை, பையில் ஒரு மாற்று உள்ளாடை, ஷிஃப்ட் நடுவில் மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம். பேன்டி லைனரைத் தினமும் போடாதீர்கள். பல்லுக்கோ இருமலுக்கோ ஆன்டிபயாடிக் எழுதினால், சாப்பிட்டதும் எனக்கு இப்படி வருகிறது என்று அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் சாப்பிடுகிற மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை: அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் இதே அரிப்பு வரும், மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல், அடிவயிற்று வலி, மாதவிலக்குக்கு இடையில் ரத்தம், புண் இதில் எது வந்தாலும் அன்றே போய்விடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஓய்வு நாளில், இதுவரை வாங்கிய கிரீம் டியூப்களையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.